உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பு

"முதல்ல அந்த நாடாவைக் கழட்டு" என்று சொல்லிக்கொண்டே நாத்தனார் குனிந்து, தம்பியின் சட்டையில் கை வைத்தாள். வைத்த கையின் மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. மீன்காரியின் கை. எத்தனை சோப்புப் போட்டாலும் செதில் வாடை போகாத கை.

"அது அங்கயே இருக்கட்டும்."

"செத்தவன் நெஞ்சுல எதுக்குடி இந்தக் கருமம்? மேல போயி அங்கயும் கக்கூஸ் கேக்கப் போறானா?"

"கேப்பாரு. கண்டிப்பா கேப்பாரு. நீங்க கையை எடுங்க."

இருவருக்கும் நடுவில், குளிப்பாட்டி, தலைசீவி, தோய்த்த வெள்ளைச் சட்டை போட்டுப் படுக்கவைத்திருந்த சாவிக்காரர் எந்தப் பக்கமும் சேராமல் கிடந்தார். நாத்தனார் வெடுக்கென்று இழுத்தாள். பச்சை நாடா வரவில்லை. அதைக் குத்தியிருந்த ஊக்கு அவள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் சட்டைப் பையின் மேல் விழுந்து பரவியது.

"செத்தும் குத்துறான் பாரு" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, சந்தையில் எல்லாரும் முட்டைக்காரம்மா என்று கூப்பிடுகிறவள், அந்தச் சொட்டையே பார்த்தாள். உடனே பச்சைத் தண்ணீரில் நனைத்தால் போய்விடும், காயவிட்டால் போகாது என்று கை பாதிதூரம் நீண்டும் விட்டது. இந்தச் சட்டையை இனி யார் துவைக்கப் போகிறார்கள்? நீண்ட கை திரும்பி மடியில் விழுந்தது.

அவள் அழவில்லை. வந்தவர்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். கவனிப்பதற்குத்தானே பாதிப் பேர் வருகிறார்கள்.

அவள் புருஷனோடு பேச்சை நிறுத்தி வெகுநாள் ஆகிவிட்டது. வீட்டில் இருந்ததோ இரண்டே பேர். பஸ் ஓட்டுகிற மகன் வேறு ஊரில். அதனால் அவள் சட்டியோடு பேசினாள். "சாப்பாடு ஆறுது, வேணுங்கிறவங்க வரலாம்" என்பாள் சட்டியிடம். "இதோ வர்றாராம், சொல்லிடு சட்டி" என்பார் அவர். ராத்திரி கதவைப் பார்த்து, "பூட்டிட்டுப் படுக்கச் சொல்லு" என்பாள். "ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறவனுக்கு ஒரு வாயைத் திறக்கத் தெரியலயேன்னு கதவு கேக்குது" என்பார். அவளுக்குச் சிரிப்பு வரும். வந்த சிரிப்பைச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து விழுங்கிவிடுவாள்.

ஏன் பேசவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை.

சந்தை வாசலில் மேசை போட்டுப் பூட்டு ரிப்பேர் செய்கிறவர் அவர். உள்ளே இரண்டாவது வரிசையில் முட்டைக் கடை அவளுடையது. சந்தையில் ஆண்களுக்குப் பின்பக்கச் சுவர் இருந்தது. பெண்களுக்கு ஒன்றும் இல்லை. விடியுமுன் வருகிறவர்கள் பொழுது சாய்ந்து வீடு போகிறவரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். அடக்குவதற்குச் சுலபமான வழி குடிக்காமல் இருப்பது. உச்சி வெயிலில்கூட அவள் நாக்கை நனைத்ததில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்தாள். இரண்டாவது தடவை டாக்டர் அவரைப் பார்த்து, "உங்க வீட்டுல தண்ணிப் பஞ்சமா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வி மனிதரைக் கிளப்பிவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வருஷத்துக்கு ஒருமுறை நகர மன்றத்தில் பட்ஜெட் கூட்டம் போட்டு, எந்தக் காரியத்துக்குப் பணம் ஒதுக்குவது என்று ஜனங்களையே ஓட்டுப் போடச் சொல்வார்கள். முன்பெல்லாம் கை தூக்கச் சொன்னார்கள். சில பேர் இரண்டு கையையும் தூக்கினார்கள். அதனால் மாற்றிவிட்டார்கள். எழுந்து நின்றால் ஆதரவு, உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. தூங்கிப்போனாலும் எதிர்ப்புதான், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் எதிர்ப்புதான்.

இந்த வருஷம் மணிக்கூண்டுக்குப் புது வண்ணமும் விளக்கும் என்று பெரிய மனிதர்கள் தீர்மானித்து வைத்திருந்தார்கள். சாவிக்காரர் குறுக்கே புகுந்து, அந்தப் பணத்தில் சந்தைப் பெண்களுக்குக் கழிப்பறை கட்டு என்றார். பச்சை நாடாவை நெஞ்சில் குத்திக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார், ஒத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் ஒரு நாடா கொடுத்தார். ஓட்டுக்கு முன்னால் யோசனை கேட்கப் போட்ட முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் பொதுவாகப் பேசியிருக்கலாம். "என் பொண்டாட்டியையே எடுத்துக்குங்க" என்று ஆரம்பித்துவிட்டார். அவள் எத்தனை மணிநேரம் அடக்குகிறாள், எங்கே வலிக்கிறது, ஆஸ்பத்திரியில் குழாய் போட்டது, மூத்திரப் பையை மாற்றியது, எல்லாவற்றையும் பூட்டைப் பிரித்துப் போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து ஊர் முன்னால் வைத்தார். அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து அவருக்குக் கக்கூஸ்காரர் என்று பெயர். மூட்டை தூக்குகிறவர்கள் அவளைக் கண்டால் தண்ணீர் பாட்டிலை உயர்த்திக் காட்டி, "அக்கா, ஒரு மடக்கு?" என்பார்கள். முட்டை வாங்க வருகிற பெண்கள் அவள் முகத்தைப் பார்க்காமல் இடுப்பைப் பார்த்தார்கள். வலியைக்கூடத் தாங்கிக்கொண்டு வந்தவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அன்றைக்குத்தான் சட்டியோடு பேச ஆரம்பித்தாள்.

நேற்றுச் சாயந்திரம் ஓட்டு. நின்றவர்களைவிட உட்கார்ந்தவர்கள் ஒரே ஒரு ஆள் கூடுதல். கழிப்பறை தோற்றது. மற்ற காரியங்களையும் முடித்துக் கூட்டம் கலைந்தது. எல்லாரும் போன பிறகும் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டுகிறவன் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே வந்து, "பெரியவரே, எந்திரிங்க" என்று தோளைத் தொட்டான். அவர் எழுந்திருக்கவில்லை.

எண்ணும்போதும் அவர் எழுந்திருக்கவில்லை. இந்தச் சண்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவரே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தவர் கணக்கில் அவர் தலையும் சேர்ந்தது.

காலையிலிருந்து இந்த வீட்டில் நடப்பதெல்லாம் அதற்கு அர்த்தம் சொல்கிற போட்டிதான்.

முதலில் ஒரு பெரிய மலர்வளையம் வந்தது. மணிக்கூண்டுக் குழு அனுப்பியது. கடைசி நேரத்தில் ஊர்நலனைக் கருதிய பெருந்தகைக்கு என்று ஜிகினா எழுத்தில் எழுதியிருந்தது. மகன் அதைத் தூக்கித் தெருவில் எறியப் போனான். நாத்தனார் பிடுங்கிக் கால்மாட்டில் சாய்த்து வைத்தாள்.

"என்ன தப்பா எழுதியிருக்கு? என் தம்பிக்குக் கடைசியில புத்தி வந்துடுச்சு. கட்டினவ மானம் பெருசுன்னு உட்கார்ந்துட்டான். இவ மனசு ஆறட்டும்னு உட்கார்ந்துட்டான். அதைச் சொன்னா உங்களுக்கு ஏன் எரியுது?" தம்பி பெண்டாட்டி பக்கம் திரும்பி, "ஏன்மா, அப்படித்தானே? நீயே சொல்லு. உன்கிட்டச் சொல்லாமயா உட்கார்ந்தான்?" என்றாள்.

முட்டைக்காரம்மா கால்மாட்டு வளையத்தைப் பார்த்தாள். அந்தப் பேச்சு ஒரு நிமிஷம் அவளுக்கு இதமாகக்கூட இருந்தது. எனக்காக உட்கார்ந்தாரா? வெந்நீர் ஒத்தடம் மாதிரி. ஆனால் வெந்நீர் ஆறிவிடும்.

மீன்காரி வேறு அர்த்தம் வைத்திருந்தாள். சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், தோளைப் பிடித்து, ரகசியக் குரலில் பேசினாள். ரகசியமாகப் பேசினால் நாலு வீட்டுக்குக் கேட்கிற குரல் அவளுக்கு.

"அக்கா, நல்லாக் கேட்டுக்க. காலையில நாங்க மன்றத்துல ஆட்சேபம் குடுத்துட்டோம். அண்ணன் ஓட்டுக்கு முன்னாடியே போயிட்டாரு, செத்தவரை எப்படி எண்ணுவீங்கன்னு கேட்டோம். அவரைக் கழிச்சா ரெண்டு பக்கமும் சமம். சமம்னா மறுபடி ஓட்டு. மறுபடி வந்தா நீ எந்திரிச்சு நிக்கப்போற, அந்த ஒண்ணுலயே ஜெயிச்சிடுவோம். நேத்து நீ அவரைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருந்த, எப்படி எந்திரிப்ப? பாவம், எல்லாரும் பார்த்தாங்க."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அந்தாளு கூட்டம் நடக்கையில எப்பவோன்னு எழுதிட்டாரு. இதயம் நின்னதுக்கு மணி அடிக்குமா என்ன? அதனால உன் வாய்தான். மன்றத்துக் குமாஸ்தா வருவான், கேப்பான். முன்னாடியேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

மகனும் பின்னாலேயே வந்து நின்றான். ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்த கண், மிளகாய்ப்பழம் மாதிரி இருந்தது. "சொல்லும்மா. அப்பா பேரு கெட்டுக் கிடக்கு. துரோகின்னு பேசிக்கிறாங்க, வாசல்ல என் காதுபடவே. ஒரு வார்த்தைதானே."

"நான் பக்கத்துலதான்டா இருந்தேன்."

"அதனாலதான் உன் வார்த்தைக்கு மதிப்பு."

அவள் அடுப்பு மேடையைப் பார்த்தாள். சட்டி கவிழ்த்து வைத்திருந்தது.

மதியத்துக்கு மேல் குமாஸ்தா வந்தான். ஒல்லியான மனிதன், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை எங்கே விடுவது என்று ரொம்ப நேரம் இடம் தேடினான். பிணத்துக்கு ஒரு கும்பிடு போட்டான். பிறகு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான்.

"மன்னிக்கணும்மா. இந்த நேரத்துல வரக் கூடாது. ஆனா ஆபீஸ் மூடுறதுக்குள்ள பட்ஜெட் மேலே போயாகணும். இவங்க ஆட்சேபம் குடுத்திருக்காங்க. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. உங்களால முடியலன்னா வேண்டாம், அப்போ நேத்து எண்ணினதே நிக்கும்."

"கேளுப்பா."

வீடு அடங்கியது. வாசலில் இருந்தவர்கள் ஜன்னலுக்கு வந்துவிட்டார்கள். சந்தைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சுவரோரம் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், எல்லார் தோளிலும் பச்சை நாடா. காய்கறிக்காரி, பாத்திரக்காரி, பழைய துணி விற்கிறவள். அவளைப் போலவே தண்ணீர் குடிக்காதவர்கள்.

"ஓட்டு எடுக்கிறப்போ அவரு உயிரோட இருந்தாரா?"

இருந்தாரா?

கூட்டம் பாதி நடக்கும்போதே அவர் தோள் அவள் மேல் சாய்ந்தது. ஊரே பார்க்கிற இடத்தில் சமாதானம் பேச வருகிறார் என்று நினைத்து, முழங்கையால் இடித்து நிமிர்த்திவிட்டாள். கொஞ்ச நேரத்தில் தலைவர் மைக்கில், "சந்தைப் பெண்கள் கழிப்பறை. ஆதரிப்பவர்கள் எழுந்திருங்கள்" என்றார். நாற்காலிகள் இழுபட்ட சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் கேட்டது. சட்டியிடம் இல்லை, கதவிடம் இல்லை. அவளிடம்.

"எந்திரிக்கணும். கை குடு."

தன்னையும் சேர்த்து இழுத்து நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தாள். மறுபடியும் ஊர் முன்னால், மறுபடியும் அவள் இடுப்பு. இரண்டு கையையும் மடியிலிருந்த பைக்குள் விட்டுக்கொண்டாள். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கை குடுடீ" என்றார் இன்னொரு தரம், மெதுவாக. எண்ணுகிறவர்கள் வரிசை வரிசையாகப் பேனாவை நீட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் பக்கம் நீட்டினார்கள், அவள் பக்கம் நீட்டினார்கள், போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோற்ற வருத்தம் என்று நினைத்தாள். கூட்டம் கலைந்தபோதும் அவள் எழவில்லை. முதலில் அவர் எழுந்து பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தாள். அவரும் விடாப்பிடியாக உட்கார்ந்திருக்கிறார் என்று கோபம்கூட வந்தது.

முன்னாடியே என்று சொன்னால் அந்த இரண்டு தரமும் அவர் கேட்கவே இல்லை என்று ஆகிவிடும். வேறு யாருக்கும் அந்தக் குரல் கேட்கவில்லை. அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது.

"அம்மா?" என்றான் குமாஸ்தா.

"சொல்லுக்கா" என்றாள் மீன்காரி.

"உயிரோடதான் இருந்தாரு."

நாத்தனார், "நான் சொல்லல?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உயிரோட இருந்தாரு. எந்திரிக்கப் பார்த்தாரு, முடியல. கை குடுன்னு கேட்டாரு. ரெண்டு தரம் கேட்டாரு. நான் குடுக்கல."

நாத்தனாரின் வாய் திறந்தபடியே நின்றது.

குமாஸ்தா தலையைச் சொறிந்தான். அவன் கெட்டவன் இல்லை. "கை கேட்டதெல்லாம் எனக்கு வேண்டாம்மா. உயிரோட இருந்தாரு, உட்கார்ந்திருந்தாரு. அதுதானே?"

"எந்திரிக்க நெனச்சவருடா!" என்று மீன்காரி கத்தினாள். "காது கேக்கல? எந்திரிக்க நெனச்சாரு!"

"நெனச்சதுக்கு ஓட்டு இல்லம்மா. உட்கார்ந்திருந்தா எதிர்ப்பு." பிணத்துக்கு மறுபடியும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவன் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு கால்தேய்த்து நடந்து போகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது.

மீன்காரி அவள் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அடித்திருந்தால் தேவலை.

"நீ அவரைத் தாங்கிப் பிடிச்சேன்னு நெனச்சேனே" என்றாள். "காலையிலேருந்து போறவங்க வர்றவங்க எல்லார்கிட்டயும் சொன்னேனே. நீயும் எதிர்ப்பாத்தான் உட்கார்ந்தியா?"

"ஆமா."

"உனக்காக ஆரம்பிச்சாரு. தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்தப் பொய்யைச் சொல்லியிருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போயிருக்கும்? யாருக்கு என்ன நஷ்டம்? உண்மைக்குப் பொறந்தவளாட்டம் இப்போ வந்து பேசுற, நேத்து அந்தக் கையை எங்கடி வச்சிருந்த?"

அவள் தன் இரண்டு கையையும் பார்த்தாள். காய்கறிக்காரி எழுந்தாள், பாத்திரக்காரி எழுந்தாள். ஒவ்வொருத்தியாக வெளியே போய் வாசலில் வெயிலில் நின்றுகொண்டார்கள். அவள் இருக்கிற கூரைக்குக் கீழே இருக்கப் பிடிக்காமல். சாவிக்காரரை விட்டுப் போகவும் மனமில்லாமல்.

மகன் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "பெட்டிக்காரன் வந்துட்டானான்னு பாக்குறேன்" என்று யாரிடமோ சொன்னான். சுவரைப் பார்த்துச் சொன்னான்.

இடுகாடு என்றால் ஊருக்கு வெளியே, பஸ்கூடத் திரும்பாத மேட்டுத் தரை. பெட்டியை இறக்கினார்கள். மண் ஈரமாக இருந்ததால் தள்ளுவதற்கு நேரம் பிடித்தது. நாடாவோடுதான் போனார், ரத்தச் சொட்டோடும்தான். கடைசிப் பிடி மண்ணை அவள் போடவேண்டும் என்றார்கள். போட்டாள். போட்டவுடன் பக்கத்தில் நின்றவர்கள் கொஞ்சம் விலகிக்கொண்டார்கள். மண் தெறித்துவிடும் என்பதற்காக இல்லை.

எல்லாம் முடிந்தும் வண்டி வரவில்லை. ஆண்கள் கேட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் பீடி பற்றவைத்தார்கள். சாவு வீட்டிலிருந்து வெளியே வந்ததும் மனிதனுக்குப் பேச்சு பெருகிவிடும். யாரோ ஒருத்தன், "கடைசியில கையைப் புடிக்கவும் ஆள் இல்லாம கக்கூஸ்காரரு..." என்று ஆரம்பித்தான். பாதியிலேயே சிரித்துவிட்டார்கள்.

பெண்கள் காலையிலிருந்து சாவு வீட்டிலேயே இருந்தவர்கள். முகங்கள் இறுகிக்கிடந்தன. சாவு வீட்டில் கூட்டம் அத்தனை. எவளும் ஒரு நிமிஷம் ஒதுங்கிப் போயிருக்க முடியாது. மீன்காரி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, கடைமூடும் துணியைப் பையிலிருந்து எடுத்து உதறினாள். பின்பக்கச் சுவர் இடிந்த மூலைக்கு நடந்தாள். மற்றவர்கள் ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனார்கள். ஒரு முனையை அவள் பிடித்துக்கொண்டாள், மறுமுனையைக் காய்கறிக்காரி பிடித்தாள். ஒருத்தி போய்வந்தாள், இன்னொருத்தி போய்வந்தாள். பிறகு காய்கறிக்காரிக்கே போகவேண்டியிருந்தது. முனையை யார் கையில் கொடுப்பது என்று திரும்பினாள்.

முட்டைக்காரம்மா வந்து நின்றாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

காய்கறிக்காரி மீன்காரியைப் பார்த்தாள். மீன்காரி வேறு பக்கம் பார்த்தாள். தாமதிக்கிற நிலையில் காய்கறிக்காரி இல்லை. முனையை அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே நுழைந்தாள்.

மேட்டில் காற்று பலமாக இருந்தது. துணி உப்பிப் படபடத்தது. முட்டைக்காரம்மா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து, ஆண்கள் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர்களில் ஒருவன் இந்தப் பக்கம் பார்த்து ஏதோ சொன்னான். அவள் கண்ணை எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் மீன்காரி ஒரு சொல் பேசவில்லை. துணியையும் விடவில்லை.

உள்ளே அடுத்தவள் போனாள்.